அக்குள் கருமையைத் தேய்த்துப் போக்க முடியாது

அக்குள் கறுத்துப்போனால் பலர் முதலில் எடுப்பது பீர்க்கங்காய் நார், அடுத்து எலுமிச்சை மூடி, அப்புறம் சமையல் சோடா. மூன்றுமே கருமையைக் கூட்டத்தான் செய்யும். அங்கே படிந்திருப்பது அழுக்கு என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. உரசல், சவரம், வாசனைப் பொருள், பூஞ்சை என்று எது தோலைச் சீண்டினாலும் நம்மூர்த் தோலில் மெலனின் என்ற கரும் நிறமி கூடுதலாக உருவாகி, சீண்டல் நின்ற பிறகும் மாதக்கணக்கில் தங்கிவிடும். அதைத் தேய்ப்பது மேலும் ஒரு சீண்டல். ஆரோக்கியமான தோலின் பிஎச் (அமில-கார அளவு) 5ஐ ஒட்டி, லேசான அமிலத்தன்மையுடன் இருக்கும். எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டிய கடும் அமிலம்; சமையல் சோடாக் கரைசல் 8க்கு மேல், அதாவது காரம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் மேல்தோல் அரிபட்டு, எரிந்து, ஆறும்போது முன்னைவிடக் கறுப்பாகத்தான் ஆறும்.

அதனால் க்ரீம் வாங்குவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பாருங்கள். விரலால் தடவிப் பாருங்கள். காரணத்தைப் பாதிக்கு மேல் அதிலேயே கண்டுபிடிக்கலாம்.

தோல் தடித்து, வெல்வெட் துணி போல மெத்தென்று, கோடு கோடாக மடிந்திருக்கிறதா? கழுத்தின் பின்புறமும் அப்படியே கறுத்திருக்கிறதா? பக்கத்தில் சின்னச் சின்ன மருக்கள் தொங்குகின்றனவா? அப்படியானால் அது பெரும்பாலும் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது ரத்தத்தில் இன்சுலின் அளவு ஏறுகிறது. அது மேல்தோல் செல்களைத் தூண்டி வளரச் செய்கிறது. எடை கூடியவர்கள், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உள்ள பெண்கள், சர்க்கரை நோய்க் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இது சகஜம். பதின்ம வயதுப் பெண்ணுக்குக் கழுத்தும் அக்குளும் கறுத்தால் வீட்டில் “ஒழுங்காகத் தேய்த்துக் குளி” என்று திட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவை திட்டு அல்ல, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) பரிசோதனைகள். எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்பதாகப் பொருள். எடை குறைந்து, இன்சுலின் அளவு இறங்கினால் தோலும் மெல்ல மெல்லத் தெளியும். எதையும் பூசாமலே தெளிந்தவர்கள் உண்டு. அரிதாக, நடுத்தர வயதுக்கு மேல், எடை குறைந்துகொண்டே இருக்கும்போது இது திடீரென வேகமாகப் பரவினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

தடிப்பு இல்லாமல், ஒரே சீரான செம்பழுப்பு நிறத்தில், லேசான செதிலோடு, அரிப்பும் பெரிதாக இல்லாத திட்டு என்றால் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைக் காட்டினால் பவளச் சிவப்பாக ஒளிரும். தோல் மருத்துவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வளையம் வளையமாக, ஓரம் மட்டும் சிவந்து எழும்பி, அரிப்பு தாங்காமல் இருந்தால் படர்தாமரை.

படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கூட்டு மருந்து க்ரீம்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, கூடவே க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, எல்லாம் ஒரே டியூபில் இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், ஏனென்றால் ஸ்டீராய்டு அழற்சியை அமுக்குகிறது. பூஞ்சையோ எதிர்ப்பில்லாமல் பரவுகிறது. அக்குள் மடிப்புத் தோல் மெல்லியது, எப்போதும் மூடியே கிடப்பது. அங்கே பூசிய மருந்து மற்ற இடங்களைவிட அதிகமாக உள்ளே இறங்கும். சில வாரங்களிலேயே தோல் மெலிந்து, சிவந்த வரிகள் விழக்கூடும். அந்த வரிகள் பின்னால் வெளுக்கும், முழுதாக மறையாது. டியூபின் அட்டையில் ‘சோல்’, ‘சால்’, ‘சோன்’ என்று முடியும் பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். க்ளோட்ரிமசோல், கீட்டோகொனசோல் போல ‘அசோல்’ என்று முடிபவை பூஞ்சை மருந்துகள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டுகள்.

ஒவ்வாமைக்கும் ஓர் அடையாளம் உண்டு. குழியின் நடுவில் சிவந்து அரித்தால் டியோடரண்டைச் சந்தேகியுங்கள். நடுக்குழி நன்றாக இருந்து, சுற்றியுள்ள ஓரம் மட்டும் அரித்தால் துணியின் சாயமோ பிசினோ காரணமாக இருக்கும். ரவிக்கையோ சட்டையோ இறுக்கி உரசுவது அந்த ஓரத்தில்தான். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் நாளுக்கு இரண்டு முறை, 7 நாள் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை சில சமயம் நான்கைந்து நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஒரு நாள் சோதனை போதாது.

கழுவுவது எளிது. சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். பிஎச் 5.5 என்று போட்ட சிண்டெட் (சோப்பு கலக்காத கழுவி) கட்டியோ திரவமோ நல்லது. உள்ளங்கையில் நுரைத்து, கையாலேயே அரை நிமிடம் தடவி, வழுவழுப்பு போகும்வரை அலசுங்கள். நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் சோப்பு வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மின்விசிறிக்கடியில் இரண்டு மூன்று நிமிடம் உலரவிட்டுப் பிறகு துணி உடுத்துங்கள். ஈரத்தோடு ரவிக்கை மாட்டுவதுதான் பாதி பூஞ்சைக்கு வாசல் திறக்கிறது. ஈரத்தின் மேல் பவுடர் போட்டால் அது உருண்டு திரண்டு மடிப்பை உரசும். வெயில் காலத்தில் அக்குளில் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். வியர்வையை உள்ளே பூட்டிவிடும்.

முடியை எடுத்தே ஆக வேண்டும் என்று தோலுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ட்ரிம்மரால் 3 மில்லிமீட்டருக்குக் கத்தரித்தாலே வாடை குறையும், தோலும் காயப்படாது. அடிக்கடி கறுத்துப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். சவரம்தான் வேண்டும் என்றால் இரவில், குளியலின் கடைசியில் செய்யுங்கள். வெதுவெதுப்பான நீரில் 3 நிமிடம் ஊறிய முடி எளிதாக அறுபடும். சோப்புக்குப் பதில் சவர ஜெல் போடுங்கள். கையை நன்றாகத் தூக்கித் தோலை இழுத்துப் பிடியுங்கள். அக்குள் முடி ஒரே திசையில் வளராது: மேற்பாதி ஒரு பக்கம், கீழ்ப்பாதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தந்தச் சாய்வோடு மழிக்க வேண்டும். எதிர்த்திசையில் அழுத்தி மழித்தால் முனை தோலுக்கடியில் வெட்டுப்பட்டு, வளரும்போது உள்ளேயே சுருண்டு கொப்புளமாகும். அப்புறம் அங்கே ஒரு கரும்புள்ளி. ஒரு பிளேடு ஐந்தாறு சவரத்துக்குத்தான். குளியலறை ஈரத்தில் வைக்காமல் வெளியே உலர வையுங்கள். முடி நீக்கும் க்ரீம் கடும் காரம், பிஎச் 12ஐ ஒட்டியது. அட்டையில் சொன்ன நிமிடத்துக்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் தோல் பொசுங்கும்.

வாடைக்கு வருவோம். வியர்வைக்குத் தனியாக வாடை கிடையாது. அபோக்ரைன் என்ற வியர்வைச் சுரப்பிகள் விடும் பிசுபிசுப்பான சுரப்பைத் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. டியோடரண்ட் வாடையை அடக்கும், வியர்வையை நிறுத்தாது. வியர்வையைக் குறைப்பது அலுமினிய உப்பு கலந்த ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதைக் காலையில் அவசரமாகப் பூசுவதால்தான் பலருக்குப் பலனில்லை. வியர்வை குறைவாக இருக்கும் இரவில், முழுக்க உலர்ந்த தோலில் பூசினால்தான் உப்பு வியர்வைக் குழாய்க்குள் போய் அடைப்பாக நிற்கும், காலையில் கழுவிவிடலாம். சட்டை நனையும் அளவு வியர்ப்பவர்களுக்கு மருத்துவர் 20 சதவீத அலுமினியம் குளோரைடு எழுதித் தருவார். ஒரு வாரம் இரவுதோறும், பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை. ஈரத்தோலில் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிக் கடுமையாக எரியும். சவரம் செய்த அன்றும் கூடாது. ஸ்ப்ரே அடிப்பவர்கள் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். ஒட்டிப் பிடித்து நீண்ட நேரம் அடித்தால் குளிரிலேயே தோல் புண்ணாகும்.

எல்லாம் செய்தும் வாடை போகாதவர்களுக்கு 2.5 முதல் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு வாஷ் உதவும். வாரம் மூன்று நாள், தடவி 2 நிமிடம் விட்டு நன்றாக அலச வேண்டும். துணியை வெளுக்கும், அதனால் வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் லைனிங் வாடையை எளிதில் விடாது. வியர்த்த ரவிக்கையை அன்றைக்கே துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடுங்கள்.

சீண்டல் நின்று இரண்டு வாரமான பிறகுதான் கருமைக்கு மருந்து. காலையில் 5 சதவீத நியாசினமைடு. இரவில் 10 சதவீத அசலாயிக் அமிலம், இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு, முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். சில நிமிடம் சுருக்கென்று இருக்கலாம். எரிச்சல் அடங்காமல் தோல் உரிந்தால் நிறுத்துங்கள். வித்தியாசம் தெரிய 12 வாரமாவது ஆகும். ரெட்டினாய்டு, ஹைட்ரோகுவினோன் இரண்டும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு வேண்டாம்.

ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்து, உடைந்து, தழும்பாகிறது என்றால் ஹைட்ராடினைடிஸ் சப்புரடைவா என்ற நீண்டகால நோயாக இருக்கலாம். அது சுத்தக்குறைவால் வருவதில்லை. புகைப்பழக்கமும் உடல் எடையும் அதை மோசமாக்கும். தோலுக்கடியில் குழாய் விழுவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கினால் நிறைய காப்பாற்றலாம், பிதுக்கவே கூடாது.

கடினமாக, வலியில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் கரையாமல் இருக்கும் கட்டியை ஆண், பெண் யாராக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எழுதிக் கொடுத்தால், அன்று அக்குளில் டியோடரண்ட், ஆன்டிபெர்ஸ்பிரன்ட், பவுடர் எதுவும் பூசாமல் போங்கள். அலுமினியத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் போலத் தெரிந்து குழப்பும்.