ஊர்ப் பெயரை மாற்றினால் போதுமா?

பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலத் தொடர்புத்திறன் கற்பிக்கும் எங்களுக்கு, ஒவ்வொரு பருவம் தொடங்கும் முன்பும், வெளிநாட்டில் அச்சான பாடநூல் ஒன்றைச் சிங்கப்பூர் வகுப்பறைக்கு ஏற்பத் திருத்தும் வேலை வந்து சேரும். பலரும் முதலில் கைவைப்பது பெயர்களில்தான். மான்செஸ்டர் நம்மூர்த் தோ பாயோ ஆகிவிடும், ஜான் குமாராகிவிடுவார், பயிற்சி மட்டும் அப்படியே இருக்கும். இதைத் தழுவல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

அந்த நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. இங்கோ 1987 முதல் எல்லாத் தேசியப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. உள்ளூர் மாணவருக்கு வாக்கியம் அமைக்கத் தெரியும். யாரிடம், எந்தத் தொனியில், எவ்வளவு சொல்வது என்பதில்தான் தடுமாற்றம். அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் சீன, வியட்னாமிய மாணவர்கள் சிலர் நிறையப் படித்திருந்தும், டுடோரியல் என்னும் சிறுகுழு வகுப்பில் நாலு பேர் வேகமாக விவாதிக்கும்போது குறுக்கே புகுந்து பேச முடியாமல் தவிக்கிறார்கள். நூலின் அட்டையில் உள்ள 'இடைநிலை' என்ற முத்திரை இவ்விரு தரப்பினரில் எவருக்கும் பொருந்துவதில்லை.

என்ன தேவை என்று மாணவர்களையே கேட்டால், இலக்கணம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எனவே, அவர்கள் எழுதிய மின்னஞ்சல்களையும் ஆய்வக அறிக்கைகளையும் அனுமதியுடன் வாங்கிப் படிப்பதும், பொறியியல் விரிவுரையாளர்களுக்கு எது எரிச்சலூட்டுகிறது என்று விசாரிப்பதும் கூடுதல் பயன் தருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. புகார்க் கடிதம் பற்றிய பாடத்தில், ஹோட்டல் அறை அசுத்தமாக இருந்ததாக நிர்வாகிக்கு எழுதச் சொல்கிறது நூல். நான் அதை ஒரு குழுப் பிராஜெக்டாக மாற்றினேன். ஐவரில் ஒருவர் தம் பகுதியை இன்னும் அனுப்பவில்லை; முதலில் டெலிகிராம் குழுவில் நினைவூட்ட வேண்டும், பிறகு அவருக்குத் தனியாக எழுத வேண்டும், அதற்கும் பதில் இல்லையென்றால் டுடோருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நூல் கற்பிக்க நினைத்த இலக்கணம் இதிலும் அப்படியே இருக்கிறது. டெலிகிராமில் சிங்லிஷில், அதாவது சிங்கப்பூரின் பேச்சுவழக்கு ஆங்கிலத்தில், எழுதுவதை நான் திருத்துவதில்லை, அங்கே அதுதான் பொருத்தம். சிக்கல் மூன்றாவது கட்டத்தில் வருகிறது: நடந்த கதை முழுவதையும் வரிசையாகச் சொல்லி, டுடோர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசி வரியில் ஒளித்துவைப்பார்கள், அல்லது சொல்லவே மாட்டார்கள். அந்த மின்னஞ்சலை இன்னொரு மாணவரிடம் கொடுத்து, டுடோராக இருந்து பதில் எழுதச் சொன்னால், "அப்படியானால் நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?" என்று பதில் வருகிறது. நான் சிவப்பு மையில் எழுதும் குறிப்பைவிட அந்தக் கேள்வி நன்றாகவே உறைக்கிறது.

நூலை முழுவதுமாகத் தூக்கி எறியவும் தேவையில்லை. ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை மூன்று நகர்வுகளாக (துறையை அறிமுகப்படுத்துவது, அதில் உள்ள இடைவெளியைக் காட்டுவது, தம் ஆய்வு அதை எப்படி நிரப்புகிறது என்று சொல்வது) அமைகிறது என்று மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விளக்கியதை வைத்து எழுதப்பட்ட பாடங்கள், இறுதியாண்டுத் திட்ட அறிக்கைக்கு இன்றும் உதவுகின்றன. அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் தொகுதிகள்) கொண்ட கல்விசார் சொற்பட்டியலும் நல்ல தொடக்கமே, ஆனால் அது எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. இயந்திரவியல் மாணவருக்குத் துறைச் சொற்களை நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஒரு பாடத்தை இப்படி மாற்றிக் கட்ட வார இறுதியே போய்விடுகிறது என்பதால், பருவத்துக்கு இரண்டு மூன்று பாடங்களுக்கு மேல் நான் தொடுவதில்லை. அதைவிடப் பெரிய தடை தேர்வுதான். வினாத்தாள் இன்னமும் ஹோட்டல் புகாரையே கேட்டால், மாணவர்கள் என் பயிற்சியை ஒதுக்கிவிட்டு அதற்குத்தான் தயாராவார்கள்; அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதனால் அடுத்த பருவம் பாடங்களுக்கு முன்பாக வினாத்தாளையும் மதிப்பெண் அளவுகோலையும் திருத்தலாம் என்று சக ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறேன்.