கிணத்துக்குள்ள போட முதல் காலைப் பாருங்க

மட்டக்களப்புப் பக்கம் மழை விட்டதும் வளவுக்குள்ள ஆமை வந்தா, பாவம் எண்டு கிணத்துக்குள்ள விடாதீங்க. காலைப் பாருங்க. யானைக்கால் போல தடிச்சு, விரலிடையில சவ்வு இல்லாம, குவிஞ்ச ஓட்டில ஒவ்வொரு கட்டத்திலயும் மஞ்சள் கதிர் விரிஞ்சிருந்தா நட்சத்திர ஆமை. நீந்தாது, மூழ்கிச் சாகும்.

சவ்வுக் கால், நீட்டு மூக்கு, பின்னங்காலை மூடுற மடல் அடியோட்டில இருந்தா பாலாமை. அதுக்குத்தான் குளம்.

ரெண்டையும் வளர்க்கிறது சட்டப்படி குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 எண்ட நம்பருக்கு அடிச்சுச் சொல்லுங்க. ஆக்கள் வரும்வரை நட்சத்திர ஆமைக்கு நிழலில காத்தோட்டமான பெட்டி, தாடை நனையிற அளவு தண்ணி, அறுகம்புல் போதும். சோறும் பாணும் குடுத்து இருட்டறையில மாசக்கணக்கா வச்சா கல்சியம் குறைஞ்சு, குட்டியின்ர ஓடு விரலுக்கு அமுங்கும்.