காளிதாஸ் எங்கே கிடைக்கும்? - தாராவியிலிருந்து ஒரு மே மாத நாட்குறிப்பு

மே 2, சனி

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. திருநெல்வேலிப் பக்கம் டிக்கெட் கிடைத்த குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டன. கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் 90 ஃபீட் ரோட்டுச் சந்துகளில், ஆளுக்கொரு நிழலைப் பிடித்துக்கொண்டு ஃபோனைத் தேய்க்கிறார்கள். இவர்களுக்காக இந்த மாதம் ஒரு வேலை வைத்திருக்கிறேன். சங்கத்து ஹாலில் பழைய படங்கள் போடுவது, நடுவில் ஒருநாள் பெடர் ரோட்டிலுள்ள சினிமா மியூசியத்துக்குக் கூட்டிப்போவது. ஹாலுக்கு வாடகை கேட்கவில்லை. எட்டு மணிக்குப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். புரொஜெக்டர் எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர் கொடுத்தது. திரைக்கு எட்டு முழ வேட்டி.

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வாழ்நாளெல்லாம் தியேட்டர் கேபினில் ஆபரேட்டராக இருந்தவர். "லேப்டாப்ல போடுற படத்துக்கு நான் எதுக்கு டீச்சர்?" என்றார். படம் போட வேண்டாம், ஃபிலிம் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குக் காட்டினால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கச் சொன்னார்.

மே 3, ஞாயிறு

சனிக்கிழமைதான் எங்கள் கணக்கு. ஆனாலும் மே 3ஐ விட மனசில்லை. 1913இல் இதே தேதியில்தான் இந்தியாவின் முதல் முழுநீளப் படமான, தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' கிர்காவ் கொரோனேஷன் தியேட்டரில் பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கியது. முதலில், பாரிஸில் சினிமாவைத் தொடங்கிவைத்த லூமியேர் சகோதரர்களின் துண்டுப் படங்கள். ரயில் வருகிறது, தொழிற்சாலைக் கதவு திறந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். அப்புறம் ஹரிச்சந்திராவில் இன்று மிஞ்சியிருக்கும் பகுதிகள்.

ஹரிச்சந்திரன் மனைவி தாராமதியாக நடித்தது ஓர் ஆண் என்று சொன்னதும் ஒரே சிரிப்பு. நடிக்கப் பெண்கள் யாரும் முன்வராததால், கிராண்ட் ரோடு பக்கம் ஒரு ஹோட்டலில் சமையல் வேலையில் இருந்த சாளுங்கேயைப் பால்கே கூட்டிவந்தார். இதைச் சொன்னதும் முன்வரிசையில் ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் அப்பா சயான் பக்கம் ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். "சமையல்காரரா டீச்சர்? நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டான். அதற்கப்புறம் தாராமதி திரையில் வந்தபோதெல்லாம் பக்கத்திலிருப்பவர்களைச் சிரிக்க விடவில்லை.

முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அடுத்த வாரம் முதல் தமிழ்ப் படம் போடுங்க டீச்சர்" என்றாள். முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31இல் சென்னையில் வெளியானது, ஆனால் எடுத்தது இந்த பம்பாயில்தான் என்றேன். பிள்ளைகள் முகத்தில் வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! நம்ம ஊரிலா, எந்த இடம், யார் நடித்தது என்று கேள்வி மேல் கேள்வி. எடுத்தவர் அர்தேஷிர் இரானி, அதே வருஷம் மார்ச்சில் இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வைக் கொடுத்தவர். இயக்கியவர் எச். எம். ரெட்டி, நாயகி டி. பி. ராஜலட்சுமி. நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார் என்றதும் சிரித்தார்கள்.

"சரி, எங்கே கிடைக்கும்?"

கிடைக்காது. ஒரு பிரதிகூட இல்லை, ஒரு அடி ஃபிலிம்கூட மிஞ்சவில்லை என்றேன். "யூடியூபில்கூட இல்லையா?" என்றாள். அதில் இல்லாத ஒன்று உலகத்தில் உண்டு என்பதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள். அவளுக்கு வந்தது கோபம். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. இந்த மாதம் முழுக்க அதன் பின்னாலேயே போகலாம் என்று நினைக்கிறேன்.

மே 6, புதன்

அண்ணாச்சி பெட்டியோடு ஹாலுக்கு வந்தார். உள்ளே துண்டு துண்டாக ஃபிலிம், ரீல் அறுந்தபோது வெட்டி ஒட்டியதில் மிஞ்சியவை. கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வரச் சொன்னார். "ஓரத்தை மட்டும் புடி. படத்து மேல விரல் பட்டா ரேகை விழுந்துரும்."

ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். 35 மில்லிமீட்டர் அகலம். இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னத் துளைகள், ஒரு கட்டத்துக்குப் பக்கத்துக்கு நான்கு. எண்ணிப் பார்க்கச் சொன்னார், எண்ணினார்கள். ஒரு நொடிக்கு இந்த மாதிரி 24 கட்டம் ஓடும். ஒவ்வொரு கட்டமும் விளக்குக்கு முன்னால் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைக்க வேண்டும். நகர்வது கண்ணில் பட்டால் திரையில் எல்லாம் இழுபட்டுத் தெரியும். அடுத்தடுத்த நான்கு கட்டங்களைக் காட்டி வித்தியாசம் என்னவென்று கேட்டார். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு பரோட்டாக்காரர் மகன்தான் கண்டுபிடித்தான்: நடிகையின் இமை பாதி இறங்கியிருந்தது.

அப்புறம் படத்துக்கும் துளைகளுக்கும் நடுவே ஓடும் மெல்லிய நெளிகோடு. "இதுதான் பேச்சு, இதுதான் பாட்டு" என்றார் அண்ணாச்சி. அந்தக் கோட்டின் வழியாகப் போகும் வெளிச்சம் கூடிக் குறைவதுதான் சத்தமாக மாறுகிறது. ஒரு கட்டத்துக்குரிய சத்தம் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்காது, ஏறக்குறைய 20 கட்டம் முன்னால் இருக்கும், ஏனென்றால் மெஷினில் விளக்கு ஓரிடம், சத்தம் படிக்கிற இடம் இன்னொன்று. இது எனக்கே புதுசு. ரீல் அறுந்து நாலு கட்டம் போனால் படம் ஓரிடத்திலும் வசனம் வேறிடத்திலும் குதிப்பது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது.

மே 9, சனி

மியூசியம். மாகிமில் ஸ்லோ லோக்கல் பிடித்து, கிராண்ட் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸிகள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், புளிச்சோற்றுப் பொட்டலம். அம்மாக்கள் சிலரும் வந்தார்கள்.

இந்திய சினிமாவுக்கான தேசிய அருங்காட்சியகம் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. அரசின் ஆவணப்பட நிறுவனமான பழைய ஃபிலிம்ஸ் டிவிஷன் வளாகத்துக்குள், இரண்டு கட்டடங்களில் இருக்கிறது. ஒன்று குல்ஷன் மஹால் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு பங்களா, இன்னொன்று புதுக் கட்டடம். பங்களாவில் சினிமா பிறந்த கதையிலிருந்து மௌனப்படம், பேசும்படம், ஸ்டூடியோ காலம் என்று வரிசையாகப் போகலாம். புதுக் கட்டடத்தில் காந்தியும் சினிமாவும், குழந்தைகளுக்கான ஸ்டூடியோ, தொழில்நுட்பம், இந்தியா முழுக்க உள்ள சினிமா என நான்கு கூடங்கள்.

மற்ற பிள்ளைகள் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை வெறுமனே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். எங்கள் பிள்ளைகள் புதனன்று ஃபிலிமைக் கையில் பிடித்தவர்கள், அதனால் பழைய கருவி எதைப் பார்த்தாலும் "ஷட்டர் எங்கே இருக்கு? விளக்கு எந்தப் பக்கம்?" என்று தேடினார்கள். அண்ணாச்சிக்கு அன்றைக்கு வயசு இருபது குறைந்துவிட்டது. பழைய புரொஜெக்டரின் விளக்கான ஆர்க் லேம்ப் பற்றிச் சொன்னார்: இரண்டு கார்பன் ராடு, நடுவில் நெருப்பு. எரிய எரிய ராடு தேயும், இடைவெளி கூடினால் திரை மங்கும், ஆகவே படம் ஓடும்போது ஆபரேட்டர் ஒரு கண்ணைத் திரையிலும் இன்னொரு கண்ணை நெருப்பிலும் வைத்திருக்க வேண்டும். 2000 அடி ரீல் இருபத்திரண்டு நிமிஷம் ஓடும். அது முடியப்போகும்போது திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னும், இரண்டாவது மெஷினைக் கிளப்ப வேண்டும். சில நொடியில் அடுத்த புள்ளி, அப்போது மாற்ற வேண்டும். "ஜனங்க யாரும் அந்தப் புள்ளியைப் பார்த்ததே கிடையாது. பார்த்துட்டா நமக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம்" என்றார். அவரைச் சுற்றி எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு குஜராத்தி குடும்பமும் நின்று கேட்டது. ஆறாம் வகுப்புப் பெண் இந்தியில் மொழிபெயர்த்தாள்.

காந்தி கூடத்தில் நான் ஒரு விஷயம் சொன்னேன். 'காளிதாஸ்' படத்தில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியையும் ராட்டினத்தையும் போற்றும் பாட்டு ஒன்று உண்டு. எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். வெள்ளைக்காரன் ஆட்சியில், முதல் தமிழ்ப் பேசும்படத்திலேயே! அது எப்படி ஒலித்தது என்று கேட்டார்கள்.

மே 10, ஞாயிறு

கால் வலி. நேற்று வந்த அம்மாக்களில் ஒருவர் காலையில் வீடு தேடி வந்து, அடுத்த சனிக்கிழமை தானும் வரலாமா என்று கேட்டார். வரச் சொன்னேன்.

மே 13, புதன்

பெரிய பிள்ளைகளோடு காலா கோடா. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் ஆட்கள் இந்தியாவில் முதன்முதலாகப் படம் காட்டிய வாட்சன் ஹோட்டல் கட்டடம் அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்த இரும்புச் சட்டங்களால் கட்டியது. எதிர்நடைபாதையில் நின்று பார்த்தோம். டிக்கெட் ஒரு ரூபாய், அந்தக் காலத்தில் கூலிக்காரருக்கு அது எட்டாத காசு. பாரிஸில் முதல் காட்சி நடந்து ஏழு மாதத்துக்குள் சினிமா இந்த ஊருக்கு வந்துவிட்டது. கட்டடத்தின் நிலையைப் பார்த்துவிட்டு யாரும் அதிகம் பேசவில்லை. கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மே 16, சனி

இதுவரை நடந்ததில் சிறந்த நாள் இதுதான். பால்கேயின் 'காளிய மர்தன்', 1919. அவர் படங்களில் ஏறக்குறைய முழுசாகக் கிடைக்கும் ஒன்று. கிருஷ்ணனாக வருவது அவருடைய ஏழு வயது மகள் மந்தாகினி. படம் தொடங்குமுன் அந்தக் குழந்தையின் முகம் மட்டும் வரும்: சிரிப்பு, கோபம், அழுகை என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டும். அப்புறம் அதே முகம் கிருஷ்ணனாகும்.

மௌனப்படம் என்றாலும் அந்தக் காலத்துத் தியேட்டரில் சத்தம் உண்டு. திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிப்பார்கள், ஊருக்கு ஊர் கதை சொல்பவரும் இருப்பார். சரி, நாமும் செய்வோம் என்று எங்கள் சந்துப் பையன்கள் இரண்டு பேரை உறுமியோடும் தவிலோடும் உட்காரவைத்தேன். கோயில் கொடைக்கு வாசிக்கிறவர்கள். கிருஷ்ணன் ஆற்றில் குதிக்கும்வரை விரலால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்கள். குதித்ததும் உறுமி உறுமத் தொடங்கியது. தண்ணீருக்கடியில் சண்டை முடியும்வரை விடவில்லை. பாம்பின் தலைமேல் குழந்தை ஏறி ஆடியபோது பின்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து குலவை போட்டார். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் படத்தை ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மே 19, செவ்வாய்

'காளிதாஸ்' எப்படி அழிந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு என்ன ஆனது என்பதற்குச் சாட்சி இல்லை. பொதுவாக ஃபிலிம் எப்படிப் போகும் என்பதை அண்ணாச்சியும் நானும் சேர்ந்து சொன்னோம். 1950களின் தொடக்கம்வரை இருந்தது நைட்ரேட் ஃபிலிம். பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும், எரிவதற்கான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. 2003இல் புனேயில் நடந்த தீ விபத்தில் ஏராளமான நைட்ரேட் ரீல்கள் போயின. பின்னால் வந்த அசிடேட் எளிதில் பற்றாது, ஆனால் சூட்டிலும் ஈரத்திலும் தானே சிதையும். அப்போது புளித்த காடி வாடை அடிக்கும். அண்ணாச்சி பெட்டியிலேயே ஒரு துண்டு அப்படி இருந்தது, எல்லோரும் மோந்து பார்த்தார்கள். கருப்பு வெள்ளைப் படத்தில் நாம் பார்க்கும் கருப்பு என்பது உண்மையில் வெள்ளித் துகள்தான், ஆகவே ஓடி முடிந்த ரீல்களை வெள்ளிக்காக எடைக்குப் போட்டவர்களும் உண்டு. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கியதே 1964இல்தான். அதை வளர்த்தெடுத்த பி. கே. நாயர் ஊர் ஊராக அலைந்து ரீல்களைச் சேர்க்கத் தொடங்குவதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. 'ஆலம் ஆரா'வும் இல்லை.

பரோட்டாக்காரர் மகன் கேட்டது: "வேணும்னு யாரும் அழிக்கலையா?" இல்லை. ஓடி முடிந்த பிறகு அது வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இதில் மன்னிக்க முடியாதது தீ இல்லை, இதுதான்.

மே 23, சனி

ஃபிலிம்ஸ் டிவிஷன் துண்டுப் படங்கள். 1948இல் தொடங்கிய நிறுவனம். தியேட்டரில் மெயின் படத்துக்கு முன் அவர்கள் செய்திப்படம் ஓட்டியே ஆக வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அம்மாக்களுக்குப் பிடித்தது 1974இல் விஜயா முலே எடுத்த 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'. தூர்தர்ஷனில் பார்த்து வளர்ந்தவர்கள், கூடவே பாடினார்கள். பிள்ளைகள் ஆச்சரியமாகப் பார்த்தது திரையை இல்லை, பாடுகிற அம்மாக்களை.

ஏ. கே. செட்டியாரைப் பற்றியும் சொன்னேன். காந்தியைப் பற்றி ஊர் ஊராக, நாடு நாடாக அலைந்து 50,000 அடி ஃபிலிம் சேர்த்து, 1940இல் தமிழில் ஆவணப்படம் வெளியிட்டவர். அந்தத் தமிழ் வடிவமும் காணாமல் போனது. 1953இல் வந்த சுருக்கமான ஆங்கில வடிவம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தேடி எடுக்கப்பட்டது. "அப்போ தேடினா கிடைக்கும்!" என்று ஆறாம் வகுப்புப் பெண் துள்ளினாள்.

மே 27, புதன்

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. புரொஜெக்டர் இல்லாமல் அட்டையில் தாமட்ரோப் செய்தோம். ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் கிளி, இரண்டு பக்கமும் நூல். சுழற்றினால் கிளி கூண்டுக்குள். மெழுகுவத்தி வெளிச்சமே போதுமாக இருந்தது.

மே 30, சனி

கடைசிக் காட்சிக்கு முன் அண்ணாச்சி இன்னொரு பெட்டி கொண்டுவந்தார். பாட்டுப் புத்தகங்கள். தியேட்டர் வாசலில் சில அணாவுக்கு விற்றது, கதைச் சுருக்கம், நடிகர் பெயர்கள், பாட்டு வரிகள் எல்லாம் இருக்கும். ஓரம் பழுத்து உதிர்கிற காகிதம். 'காளிதாஸ்' பற்றி இன்று நமக்குத் தெரிவதெல்லாம் இப்படிப்பட்ட காகிதங்களிலிருந்தும் அந்தக் காலப் பத்திரிகைகளிலிருந்தும் வந்ததுதான். டி. பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தானே இயக்கினார் என்பதும், தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான் என்பதும் தெரிந்ததும் பெண்பிள்ளைகள் அவர் பெயரைத் தேடி எல்லாப் புத்தகங்களையும் புரட்டினார்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் இந்தப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கப் போகிறோம். படம் எடுப்பது எட்டாம் வகுப்பு, பெயர் எழுதுவது ஆறாம் வகுப்பு. மழைக்கு முன் பெட்டியை அண்ணாச்சி வீட்டுப் பரணிலிருந்து என் வீட்டு இரும்பு பீரோவுக்கு மாற்றிவிட்டோம். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ யார் வீட்டிலாவது பழைய பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், துண்டு ஃபிலிம் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். சொல்லியனுப்புங்கள், நாங்களே வந்து பார்க்கிறோம்.