52 பாயின்ட்டுக்கு பிளேஆஃப், 115 பாயின்ட்டுக்கு வீடு

வட அமெரிக்காவோட ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்ல (NHL), 1987-88 சீசன்ல டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் 80 மேட்ச் ஆடி ஜெயிச்சது வெறும் 21. மொத்தம் 52 பாயின்ட். ஆனாலும் பிளேஆஃப் (ஸ்டான்லி கப்புக்கான நாக்அவுட் சுற்று) போயிட்டாங்க. அதே டீம் 2021-22ல 115 பாயின்ட் எடுத்தாங்க, அவங்க சரித்திரத்துலயே அவ்வளவு எடுத்ததில்ல, ஆனா முதல் ரவுண்டுலயே டாம்பா பே கிட்ட ஏழாவது மேட்ச் வரைக்கும் போயி தோத்துட்டாங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துல பாதி டீமோடது, மீதி பாதி அவங்க மாட்டிக்கிட்ட டிவிஷனோடதுன்னு (லீக் டீம்கள பிரிச்சு வச்சிருக்குற குழு) நான் உறுதியா நம்புறேன்.

1987-88ல டொரன்டோ நாரிஸ் டிவிஷன்ல இருந்துச்சு. டிவிஷன்ல அஞ்சு டீம், அதுல நாலு பேர் பிளேஆஃப் போவாங்க, அதனால கடைசியா வராம இருந்தாலே போதும். அந்த வருஷம் கடைசியா வந்த மினசோட்டாவுக்கு 51 பாயின்ட், ஒரே ஒரு பாயின்ட்ல டொரன்டோ உள்ள போயிருச்சு. முதல் இடத்துல இருந்த டெட்ராய்ட்டுக்கே 93தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரைங்கற மாதிரிதான் இருந்துச்சு.

அதே நேரத்துல ஸ்மைத் டிவிஷன பாருங்க, எட்மன்டன், கால்கரி, வின்னிபெக், வான்கூவர், லாஸ் ஏஞ்சலஸ். 1982ல இருந்து 1990 வரைக்கும் ஒன்பது வருஷமும் கேம்பெல் கான்ஃபரன்ஸ்ல (ஸ்மைத், நாரிஸ் ரெண்டும் சேந்த லீக்கோட ஒரு பாதி) இருந்து கப் ஃபைனல் போனது ஸ்மைத் டீம்தான், நாரிஸ்ல இருந்து ஒருத்தர் கூட இல்ல. எனக்கு இதுல ரொம்ப மனசு கஷ்டப்படுறது வின்னிபெக் ஜெட்ஸுக்காகத்தான். டேல் ஹாவர்சக் மாதிரி ஒரு சென்டர வச்சுக்கிட்டு 1984-85ல 96 பாயின்ட் எடுத்தாங்க, கால்கரிய ஜெயிச்சாங்க, அடுத்த ரவுண்டுல எட்மன்டன் நாலுக்கு பூஜ்யம்னு அனுப்பிருச்சு. 1983ல இருந்து 1990க்குள்ள ஆறு தடவ எட்மன்டன் கூட சீரிஸ், ஆறுலயும் தோல்வி. முதல் ரெண்டு ரவுண்டும் சொந்த டிவிஷனுக்குள்ளயே ஆடணும்ங்கறதால அவங்களுக்கு தப்பிக்க வழியே இல்ல. நாரிஸ்ல இருந்திருந்தா ஹாவர்சக் ஜெட்ஸோட ஒரு தடவையாவது கான்ஃபரன்ஸ் ஃபைனல் ஆடியிருப்பாருன்னு நெனைக்காம இருக்க முடியல.

ஆனா இது எவ்வளவு சீக்கிரம் மாறுதுன்னு பாருங்க. 1990-91ல லீக்லயே முதல் ரெண்டு இடமும் நாரிஸுக்குத்தான், சிகாகோ 106, செயின்ட் லூயிஸ் 105. மூணே வருஷத்துல! எட் பெல்ஃபோர்னு ஒரு புது கோல்கீப்பர் சிகாகோவுக்கு வந்தாரு, செயின்ட் லூயிஸ் பக்கம் பிரெட் ஹல் 86 கோல் அடிச்சாரு. இந்த ஹல் யாருன்னா 1988 மார்ச்ல கால்கரி விட்டுக்கொடுத்த ஆளு. அந்த டிரேட்ல வந்தவங்கள வச்சு கால்கரி 1989ல கப் ஜெயிச்சது உண்மைதான், ஆனா ஒரு பெரிய பலம் ஸ்மைத்ல இருந்து நாரிஸுக்கு நகந்துருச்சு. எட்மன்டன் நட்சத்திரம் கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலஸ் போனது அப்படி இல்ல, அது டிவிஷனுக்குள்ளயே கை மாறுனது. அதே எட்மன்டனோட மெஸ்ஸியே 1991ல நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனதுதான் ஸ்மைத்துக்கு நெஜமான இழப்பு.

இன்னொரு விஷயம், டிவிஷன் டேபிள்ல இருக்குற பாயின்ட்ட மட்டும் கூட்டிப் பாத்து ஸ்ட்ராங்கா வீக்கான்னு முடிவு பண்ணாதீங்க. டிவிஷனுக்குள்ள ஆடுற ஒவ்வொரு மேட்ச்லயும் ஒருத்தர் ஜெயிச்சா ஒருத்தர் தோக்கணும், அதுல டிவிஷனோட பலம் தெரியவே தெரியாது. 2025-26 சீசன் கணக்குப்படி 82 மேட்ச்ல 26 சொந்த டிவிஷனோட, மீதி 56 வெளிய. அந்த 56லதான் விஷயமே இருக்கு.

இப்போதைக்கு வருவோம், டிவிஷன் பேரெல்லாம் இப்ப வேற. 2016-17ல மெட்ரோபாலிட்டன் டிவிஷன்தான் ராஜா, வாஷிங்டன் 118, பிட்ஸ்பர்க் 111, கொலம்பஸ் 108, ரேஞ்சர்ஸ் 102. 2016, 2017, 2018 மூணு கப்பும் அங்கதான் போச்சு. அப்புறம் காத்து டொரன்டோ இருக்குற அட்லான்டிக் டிவிஷன் பக்கம் திரும்பிருச்சு. 2020ல இருந்து 2025 வரைக்கும் ஆறு ஃபைனல்லயும் டாம்பா இல்லன்னா ஃப்ளோரிடா இருக்காங்க (2021ல மட்டும் கோவிட்னால டிவிஷன மாத்தி வச்சிருந்தாங்க, அத கணக்குல சேக்க வேணாம்னா சரி). 2022-23ல பாஸ்டன் 135 பாயின்ட்னு லீக் ரெக்கார்டே போட்டாங்க, ரெண்டே வருஷத்துல 76 பாயின்ட்டோட அட்லான்டிக்ல கடைசி, கேப்டன் மார்ஷாண்ட் ஃப்ளோரிடாவுக்குப் போயி அங்க கப் தூக்குனாரு. 2025ல மிட்ச் மார்னர் டொரன்டோவ விட்டு வேகஸ் போனது பசிஃபிக் டிவிஷனுக்கு லாபம், அட்லான்டிக்குக்கு நஷ்டம்.

டிவிஷன் பலம் இப்படி மாறிக்கிட்டேதான் இருக்கும், அத யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேணாம். எனக்கு கோவம் பிளேஆஃப் அமைப்பு மேலதான். டிவிஷன்ல ரெண்டாவது மூணாவது டீம் முதல் ரவுண்டுலயே மோதணும்னு வச்சிருக்காங்க, அதனால 2017ல 108 பாயின்ட் எடுத்த கொலம்பஸ் 111 எடுத்த பிட்ஸ்பர்க் கூட ஆடி வெளிய போச்சு, அதே டிவிஷன்ல நாலாவதா வந்த ரேஞ்சர்ஸ் வைல்ட் கார்டுல (டிவிஷன்ல முதல் மூணுக்குள்ள வராதவங்களுக்கான மிச்ச இடம்) அட்லான்டிக் பக்கம் போயி மான்ட்ரியல ஜெயிச்சு ரெண்டாவது ரவுண்டு ஆடுனாங்க. கான்ஃபரன்ஸ்ல ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் பாயின்ட் வரிசைப்படி ஆட விட்டிருந்தா கொலம்பஸுக்கு 98 பாயின்ட் எடுத்த ஒட்டாவாதான் வந்திருக்கும். லீக் இத மாத்தியே ஆகணும்.