ஏர் கிளீனர் கிண்ணத்தில் தண்ணீர்: ஐந்து வாரத் தேடல்

ஐப்பசி பிறந்த நாலாம் நாள். குறுவைக்குப் பிறகு போடும் தாளடி நெல்லுக்குச் சேற்றுழவு ஓட்டலாம் என்று டிராக்டரை ஸ்டார்ட் செய்தேன். நீலம் கலந்த வெள்ளைப் புகை. குளிர்ந்த இன்ஜின் சூடானால் சரியாகும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன், குறையவில்லை. ஸ்டாப் லீவரை இழுத்து நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியில், இன்ஜினுக்குப் போகும் காற்றைச் சுத்தம் செய்யும் ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றியபோது கை கனத்தது. ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் பால் கலந்த டீ மாதிரி ஒன்று, அளவுக் கோட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நின்றது.

வண்டி 1996-ல் அப்பா வாங்கியது. மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன். மன்னார்குடி பக்கத்துச் சேற்றில் இத்தனை வருடம் உழைத்திருக்கிறது. இதில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, பழைய ஆயில் பாத் முறைதான். போனட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகக் காற்று இறங்கி, கிண்ணத்தில் இருக்கும் ஆயிலின் மேல் மோதி, சட்டென்று மேல்நோக்கித் திரும்பும். காற்று திரும்பிவிடும், கனமான தூசியால் திரும்ப முடியாது, ஆயிலில் சிக்கிக்கொள்ளும். தப்பிய கொஞ்சநஞ்சத்தை மேலே இருக்கும் கம்பி வலை பிடித்துக்கொள்ளும். கழுவி ஆயில் மாற்றினால் போதும், வருடக்கணக்கில் ஓடும். எனக்கு இந்த அமைப்பின் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் கிண்ணத்தில் தண்ணீர் சேர்ந்தால் கதை வேறு. தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் போய் உட்காரும், ஆயிலை மேலே தூக்கும். கோட்டுக்கு மேல் ஏறிய ஆயிலை இன்ஜின் உறிஞ்சத் தொடங்கும். அன்று நான் பார்த்த நீலப் புகை அதுதான். டீசல் இன்ஜினுக்கு அந்த ஆயிலும் எரிபொருள்தான். அதிகமாக உள்ளே போனால் ஸ்டாப் லீவரை இழுத்தாலும் நிற்காமல் வேகமெடுத்து ஓடும்.

எங்கள் மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தண்ணி அமுங்காது தம்பி. இது சிலிண்டருக்குள்ள போயிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கும். இனிமே திறந்து பாக்காம செல்ஃப் அடிக்காதே."

"சரிண்ணே. எங்கேயிருந்து வருதுன்னு பாக்கணும்."

"பாரு. ஆனா ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திடாதே. அப்புறம் எது காரணம்னே தெரியாது."

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் ஐந்து வாரமும் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன், கிண்ணத்திலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கத்து ஹோஸைக் கழற்றி வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தார். லேசான ஆயில் பிசுக்கு மட்டும்தான், ஈரம் இல்லை. இன்ஜின் ஆயில் கேஜில் பால் நிறம் இல்லை, ரேடியேட்டர் தண்ணீரும் குறையவில்லை. ஆக இது வெளியே இருந்து வந்த தண்ணீர்.

கிண்ணத்தில் இருந்ததில் இரண்டு சொட்டு எடுத்து, பழைய கரண்டியை அடுப்பில் காயவைத்து அதில் விட்டேன். தாளிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி படபடவென்று வெடித்தது. சுத்தமான ஆயில் சத்தமில்லாமல் புகையும், அவ்வளவுதான். மீதியைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அடுப்புத் திண்ணையின் ஓரத்தில் இரண்டு ராத்திரி வைத்தேன். அடியில் கலங்கலாகப் பிரிந்து நின்ற தண்ணீரை அளந்தால் ஏறக்குறைய 180 மில்லி. கிண்ணத்தின் குறுக்களவு 15 சென்டிமீட்டர். 180 மில்லி தண்ணீர் அதில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தைத் தூக்கும். கணக்கு ஒத்துப்போனது.

"பனியில காத்து குளிர்ந்து வேர்த்திருக்கும்" என்று பக்கத்து வயல் சித்தப்பா சொன்னார். பலரும் இதைத்தான் சொல்கிறார்கள், நானும் முதலில் நம்பினேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவியே சுமார் 30 கிராம். ஏர் கிளீனரின் உள்வெளி ஐந்து லிட்டர் என்று வைத்தாலும், அதிலுள்ள ஈரம் முழுவதும் சொட்டினால்கூடக் கிடைப்பது 0.15 கிராம். 180 மில்லி சேர அந்தக் காற்று 1200 தடவை முழுசாக மாறி மாறி வேர்க்க வேண்டும். பனிக்காலமே இன்னும் வரவில்லை. மழையோ, நான் வண்டி கழுவும் தண்ணீரோதான் வந்திருக்க வேண்டும்.

முதலில் கழுவுவதை நிறுத்தினேன். சேற்றுழவு முடிந்ததும் பம்ப்செட் குழாயைப் போனட் மேலேயே பிடிப்பது எங்கள் வழக்கம். அந்த வாரம் துணியால் மட்டும் துடைத்தேன். கம்பி வலையை மண்ணெண்ணெயில் அலசி நன்றாக உலரவிட்டு, கிண்ணத்தில் இன்ஜின் ஆயிலைக் கோடு வரை மட்டும் ஊற்றினேன். குழாயின் உச்சியில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக் கட்டினேன். கொட்டகையில் வைக்கோல் இருந்ததால் வண்டி வெளியில்தான் நின்றது. மூன்று நாள் அடித்துப் பெய்தது. வண்டியை எடுக்கவே இல்லை. நாலாம் நாள் கிண்ணத்தைத் திறந்தால் 70 மில்லி.

உச்சியை மூடிய பிறகும் வருகிறது என்றால் நடுவில் எங்கோ வழி இருக்கிறது. போனட்டைத் தூக்கி, குழாயைக் காயத் துடைத்து, மேலிருந்து கீழ் வரை சாக்பீஸைத் தேய்த்தேன். போனட்டை மூடி, அதன்மேல் ஒரு சொம்பு தண்ணீரை நிதானமாக ஊற்றினேன். மறுபடி திறந்தபோது தடம் தெளிவாக இருந்தது. குழாய் நுழையும் ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ போய்விட்டது. தண்ணீர் அந்த இடைவெளியில் நுழைந்து, குழாயோடு ஒட்டிக்கொண்டே இறங்கி, ஏர் கிளீனரைச் சேரும் ரப்பர் ஹோஸின் மேல் விளிம்பு வரை போயிருந்தது. விளிம்புக்குக் கீழே சாக்பீஸ் காய்ந்தபடியே இருந்தது. ஊற்றிய தண்ணீர் வெளியே சொட்டவில்லை, உள்ளே போயிருந்தது.

கிளாம்பைக் கழற்றினேன். ஹோஸின் பின்பக்கம், சரியாகக் கிளாம்புக்கு அடியில், இரண்டு விரல் நீளத்துக்கு வெடிப்பு. முன்பக்கம் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. ரப்பர் கட்டையாக இறுகியிருந்தது. ஒரே ஆறுதல், இது ஆயில் கிண்ணத்துக்கு முன்னால் இருக்கும் ஹோஸ். இதன் வழியே நுழைந்த தூசியை ஆயில் பிடித்திருக்கும். கிண்ணத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ஹோஸில் இதே வெடிப்பு இருந்திருந்தால் தூசி நேராகச் சிலிண்டருக்குப் போய் சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்திருக்கும்.

புது ஹோஸ் கிடைக்க எட்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை பழைய சைக்கிள் டியூபை மூன்று சுற்றுச் சுற்றி இரண்டு கிளாம்ப் போட்டேன். சிலிக்கான் பேஸ்ட்டை உள்பக்கம் அப்பவில்லை, காய்ந்து உரிந்தால் அந்தத் துண்டு இன்ஜின் பக்கம்தான் போகும்.

அப்புறம் அண்ணன் சொல்லிக்கொடுத்த சோதனை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, உச்சி மூடியைக் கழற்றிவிட்டுக் குழாய் வாயை டியூப் துண்டு ஒட்டிய பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்கவே கூடாது. வேறெங்கும் காற்று புகவில்லை என்றால் இன்ஜின் திணறி நின்றுவிடும். பழைய ஹோஸோடு செய்தபோது சத்தம் மாறியதே தவிர நிற்கவில்லை. டியூப் சுற்றிய பிறகு மூன்று நொடியில் நின்றது. இன்ஜின் பக்கத்து ஹோஸும் சரியாக இருக்கிறது என்று அதிலேயே தெரிந்தது.

வாளியை எடுத்துவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருந்தேன். இரண்டு நாள் மழை. 25 மில்லி.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஓட்டைகள். மிச்சம் உச்சியில்தான் இருக்க வேண்டும். அங்கே காற்றைச் சுழற்றிக் கனத்த தூசியை ஒதுக்கும் பிரீ கிளீனரின் பிளாஸ்டிக் கிண்ணம் வெயிலில் மஞ்சளாகியிருந்தது. பகலில் எவ்வளவு திருப்பிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி உள்ளே டார்ச் அடித்தேன். திருகு மரையின் ஓரத்தில் முடி மாதிரி ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது.

புதுக் கிண்ணம், புது ஹோஸ், போனட் ஓட்டைக்கு டியூபில் வெட்டிய வளையம். கார்த்திகை இரண்டாம் வாரம் விடிய விடியப் பெய்த மழைக்கும் வண்டியை வேண்டுமென்றே வெளியிலேயே விட்டேன். காலையில் கிண்ணத்தைக் கழற்றினால் ஆயில் தேன் நிறத்தில், சரியாகக் கோட்டில் நின்றது. கரண்டியில் விட்டேன், வெடிக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இன்ஜின் பக்கத்து ஹோஸும் அதே வயசுதான் தம்பி" என்றார். அதற்கும் சொல்லிவைத்திருக்கிறேன், அறுவடைக்கு முன்னால் மாற்றிவிடுவேன்.