தலை தேஞ்ச ஸ்க்ரூவும் மருமகன் காரும்

அக்கா பையன் தன்னோட ஆர்.சி. (ரிமோட்ல ஓடுற) பொம்மைக் காரை மாந்தோப்பு செம்மண்ணுல ஓட்டி ஓட்டி, மோட்டார் பக்கத்து 3 மி.மீ. ஸ்க்ரூ தலையில அறுகோணக் குழி முழுசா வட்டமாயிடுச்சு. குழிக்குள்ள மண் இறுகினா ஆலன் கீ (ஆறுமுகச் சாவி) அடிவரைக்கும் இறங்காது, மேலாக்கப் பிடிச்சு வழுக்கும். முதல்ல ஊசியால மண்ணைக் கிளறி எடுக்கணும். இதை யாருமே செய்யறதில்ல.

ரப்பர் பேண்ட் வச்சுத் திருகுன்னு ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. த்ரெட்லாக் பசை போட்ட ஸ்க்ரூகிட்ட அந்தப் பாச்சா பலிக்காது. அதிர்வுல கழலாம இருக்கத்தானே அந்தப் பசையே! சூடுக்குத்தான் இளகும். சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சேன். (பக்கத்துல பிளாஸ்டிக் இருந்தா உருகிடும், ஜாக்கிரதை.) அப்புறம் டி8 டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர முனை) குழியில வச்சு சுத்தியால லேசாத் தட்டி இறக்கினேன்.

“மாமா, உடைச்சிடாதீங்க மாமா!”

டக்குனு கழண்டுச்சு. இதுக்கும் மசியலேன்னா, தலையில குறுக்கே ஒரு வெட்டு போட்டு தட்டை ஸ்க்ரூடிரைவரால திருப்பணும்.

காரோட வந்த கீ மெது இரும்பு. கிருஷ்ணகிரியில இந்தக் குழிக்குப் பொருந்துற நல்ல 2 மி.மீ. ஆலன் டிரைவர் எந்தக் கடையில கிடைக்கும், சொல்லுங்கப்பா.