உடும்புப்பிடி போடும் குழாய்க் கைப்பிடி

சொட்டுச் சொட்டாக ஒழுகும் குழாயில் மாற்ற வேண்டியது ஒரு வாஷர். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் வட்டம், ஐந்து நிமிட வேலை. ஆனால் வாஷரைத் தொட ஸ்பிண்டிலை, அதாவது கைப்பிடியோடு சேர்ந்து சுற்றி வாஷரை ஏற்றி இறக்கும் தண்டை, கழற்ற வேண்டும். ஸ்பிண்டிலைக் கழற்ற, அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை விழுங்குகிற ஆசாமி இந்தக் கைப்பிடிதான். "இதோ அஞ்சு நிமிஷம்" என்று காலை பத்து மணிக்கு உள்ளே போனவர், பன்னிரண்டு மணிக்கும் குளியலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். வெளியே துண்டும் கையுமாக ஒரு வரிசை நிற்கும். "பிளம்பரையே கூப்பிட்டிருக்கலாமோ?" என்ற கேள்வி ஆளுக்கொரு ராகத்தில் வரும். பதில் சொல்ல வேண்டாம். வேலையைப் பார்ப்போம்.

முதல் கூத்து எப்போதும் ஒன்றுதான்: ஸ்க்ரூவைக் கழற்றாமல் கைப்பிடியை இழுப்பது. சிரிக்க வேண்டாம், பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஏனென்றால் ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியாது. கைப்பிடியின் உச்சியில் சிவப்போ நீலமோ ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்கு அடியில்தான் அது ஒளிந்திருக்கிறது. சுற்றிலும் படிந்த அழுக்கில் மூடியும் கைப்பிடியும் ஒரே பொருள்போலத் தெரியும். மெல்லிய கத்தி முனையை விளிம்பில் கொடுத்து, மூன்று நான்கு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் மூடி வந்துவிடும். ஒரே இடத்தில் நெம்பினால் மூடி துள்ளி நேராக வடிகால் ஓட்டைக்குள் போகும். அது எப்படியோ அங்கேதான் போகும். எனவே ஓட்டையை முதலிலேயே ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். சில மூடிகள் நெம்புகிற ரகம் அல்ல, மரை போட்டவை. விளிம்பில் இடைவெளியே தெரியாவிட்டால், ரப்பர் கையுறை போட்டு இடப்பக்கமாகத் திருகிப் பாருங்கள்.

ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் குழாயில் ஸ்க்ரூ உச்சியில் இருக்காது. கைப்பிடியின் முன்புறமோ பின்புறமோ அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு மூடி, அதற்குள் ஆலன் சாவி (ஆறு பட்டைக் கம்பிச் சாவி) போடும் தலையில்லாத ஸ்க்ரூ. பெரும்பாலும் 2.5 அல்லது 3 மி.மீ. சாவி. இங்கே ஒரு பொறி உண்டு. அங்குலக் கணக்கில் செய்த குழாயானால் குழி 1/8 அங்குலம், அதாவது 3.18 மி.மீ. இருக்கும். அதில் 3 மி.மீ. சாவி சுகமாக உள்ளே போகும், சுகமாகச் சுற்றும், குழியின் ஆறு மூலையையும் வழித்து வட்டமாக்கிவிட்டு வெளியே வரும். சாவி ஆடினால் திருகாதீர்கள். இன்னொன்று, இந்த ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தினால் போதும். முழுதாக எடுத்தால் அது எங்கே போகும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இவற்றுக்கெல்லாம் முன்னால் தண்ணீரை அடைக்க வேண்டும். பேசினுக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். அது இல்லாவிட்டால் தொட்டியிலிருந்து வரும் லைனின் வால்வு. மூடிவிட்டுக் குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வடித்து, பாதி திறந்த நிலையிலேயே விடுங்கள். இறுக மூடிய குழாயில் வாஷர் அடிப்பீடத்தை அழுத்திக்கொண்டு நிற்கும். அந்த இறுக்கத்தோடு ஸ்பிண்டில் இருக்கும் மேல்பாகத்தைத் திருகினால் வீண் மல்லுக்கட்டு.

ஸ்டார் தலை ஸ்க்ரூ என்றால் பெரும்பாலும் 2-ஆம் நம்பர் முனை பொருந்தும். தலைக்குழியில் படிந்திருக்கும் உப்பை ஊசியால் சுரண்டி எடுத்த பிறகே ஸ்க்ரூடிரைவரை வையுங்கள். அதன் பின்தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு. அது மரைக்குள் பிடித்த படிவை அதிர வைத்து உடைக்கும். பிறகு திருகும்போது முக்கால் பங்கு பலம் அழுத்துவதற்கு, கால் பங்குதான் சுற்றுவதற்கு. இதைத் தலைகீழாகச் செய்பவர்களால்தான் ஸ்க்ரூத் தலைகள் மழுங்குகின்றன. மழுங்கியது கொஞ்சமாக இருந்தால், அகலமான ரப்பர் பேண்டை இடையில் வைத்து அழுத்தித் திருகலாம். தலை விளிம்பு வெளியே தெரிந்தால் ஹாக்ஸா பிளேடால் குறுக்கே ஒரு பள்ளம் அறுத்து, தட்டை ஸ்க்ரூடிரைவர் போடலாம். அதுவும் முடியாவிட்டால் டிரில். சின்ன பிட்டில் தொடங்கி, தலை மட்டும் கழன்று விழும்வரை துளையிடுங்கள். கைப்பிடி வந்த பிறகு மிஞ்சும் குச்சியைப் பூட்டுக் குறடால் (கவ்விய பிடியிலேயே பூட்டிக்கொள்ளும் குறடு) கவ்வித் திருகி எடுத்துவிடலாம். வட்டமாகிப்போன ஆலன் குழிக்கு, அதைவிடச் சற்றே பெரிய டார்க்ஸ் பிட்டை (ஆறு முனை நட்சத்திர வடிவ முனை) வைத்துச் சுத்தியலால் இறக்குங்கள். அதன் பற்கள் புதிதாகக் கடித்துக்கொள்ளும். மரை கழன்றது ஸ்க்ரூவுக்கா நமக்கா என்று வெளியே நிற்பவர்கள் சந்தேகப்படத் தொடங்குவது இந்த நேரத்தில்தான்.

சரி, ஸ்க்ரூ வந்துவிட்டது. வெற்றிச் சிரிப்போடு கைப்பிடியை இழுத்தால், அசையாது. ஸ்க்ரூவே இல்லாமல் உடும்புப்பிடி.

பிடித்திருப்பது எது என்று தெரியாமல் இழுத்துப் பயனில்லை. ஸ்பிண்டில் பித்தளை. அதன் தலையைச் சுற்றிப் பல் வெட்டியிருக்கும், கைப்பிடிக்குள்ளும் அதே பல். பளபளக்கும் குரோம் பூச்சுக்குள் கைப்பிடி பல நேரம் துத்தநாகக் கலவை வார்ப்பு. இரண்டு வேறு உலோகம், நடுவில் ஈரம். துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் பொருமி, பல்லிடுக்கு முழுக்க வெள்ளைப் பொடியாக அடைத்துக்கொள்ளும். பித்தளை தன் பங்குக்குப் பச்சைக் களிம்பு ஏறி நிற்கும். உப்புத் தண்ணீர் வருகிற வீட்டில் இதற்கு மேல் சுண்ணாம்புப் படிவு. நாம் உப்பு என்று சொல்வது பெரும்பாலும் சாப்பாட்டு உப்பு அல்ல, கால்சியம் கார்பனேட். சாப்பாட்டு உப்பாக இருந்தால் தண்ணீரிலேயே கரைந்து தொலைந்திருக்குமே.

சுண்ணாம்புக்கு மருந்து வினிகர். களிம்புக்கும் துருவுக்கும் மருந்து ஊடுருவும் எண்ணெய். வரிசை முக்கியம்: முதலில் வினிகர், பிறகு எண்ணெய். எண்ணெயை முதலில் அடித்துவிட்டால் அது ஒரு படலமாக மூடிக்கொள்ளும், வினிகர் உள்ளே போகவே போகாது. "ரெண்டும் போட்டாச்சு, ஒண்ணும் ஆகலை" என்பவர்களில் பலர் மாற்றிப் போட்டவர்கள்.

சாதாரண வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். அதில் துணியை நனைத்துக் கைப்பிடியின் அடிக்கழுத்தில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையால் கட்டி, ஒரு மணி நேரம் விடுங்கள். ஸ்க்ரூ இருந்த குழியிலும் சில சொட்டு விடலாம். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். பொன் நிற, கறுப்பு நிறப் பூச்சுக் குழாய்களில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். மார்பிள் மேடையில் ஒரு சொட்டும் விழக்கூடாது, அதுவும் கால்சியம் கார்பனேட்டே. பொறுமையிழந்து கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்களும் உண்டு. குரோம் பூச்சு செதில் செதிலாக உரிந்து வரும், கைப்பிடி வராது. பிளீச்சோடு எந்த அமிலமும் சேரக்கூடாது. குளோரின் வாயு வெளியேறும், அடைந்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு எண்ணெய். அடிக்கழுத்திலும் ஸ்க்ரூக் குழியிலும் அடித்து, ஸ்பேனரின் கைப்பிடியால் சுற்றிலும் லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். அதிர்வில்தான் எண்ணெய் இறங்கும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க. இந்த வேலைக்குப் பலரும் வாங்கும் டபிள்யூ.டி.40 என்ற எண்ணெயின் பெயரில் இருக்கும் 40, அந்தக் கலவை நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததைக் குறிப்பது. எண்ணெய்க்கே நாற்பது முயற்சி தேவைப்பட்டிருக்கிறது. நாம் நாலாவது இழுப்பிலேயே சுத்தியலைத் தேடுகிறோம்.

சூடும் உதவும். துத்தநாகம் பித்தளையைவிட அதிகமாக விரியும். கைப்பிடியை மட்டும் சூடாக்கினால் பல்லுக்கு நடுவே தலைமுடி அளவுகூட இல்லாத ஓர் இடைவெளி விழும், அது போதும். கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றலாம், இல்லையென்றால் ஹேர் டிரையரை இரண்டு மூன்று நிமிடம் காட்டலாம். டிரையர் என்றால் தரையும் கையும் காய்ந்திருக்க வேண்டும், தெளித்த எண்ணெயையும் துடைத்துவிட வேண்டும். பிளாஸ்டிக், அக்ரிலிக் கைப்பிடிக்கு இந்த வைத்தியம் வேண்டாம், வளைந்துவிடும். நெருப்பு எந்தக் கைப்பிடிக்கும் வேண்டாம்.

இனி இழுப்பது. நேராக மேலே இழுப்பதைவிட, இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டிக்கொண்டே இழுப்பது மேல். அகலத் துணிப்பட்டை ஒன்றைக் கைப்பிடிக்கு அடியில் குறுக்கே நுழைத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து மேலே வெட்டி இழுத்தால் பல கைப்பிடிகள் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதென்றால் எதிரெதிரே இரண்டு வேண்டும், அடியில் மரத்துண்டு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் கைப்பிடி கோணலாகச் சாய்ந்து இன்னும் இறுகும். மரத்துண்டு இல்லாவிட்டால் பீங்கான் பேசின் விரிசல் விடும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உண்மைதான். ஆனால் அம்மி கல், பேசின் பீங்கான்.

நியாயமான கருவி, கைப்பிடி புல்லர். இரண்டு கொக்கிக் கைகள் கைப்பிடியின் அடியைக் கவ்வும். நடுவில் இருக்கும் திருகுத் தண்டு ஸ்பிண்டிலின் தலையில் ஊன்றிக்கொள்ளும். தண்டைத் திருகத் திருக, கைப்பிடி நேராக மேலே வரும். அதைப் பொருத்துமுன், கழற்றிய ஸ்க்ரூவை நாலைந்து மரை மட்டும் திரும்ப ஏற்றி வையுங்கள். தண்டு அதன் தலையில் ஊன்றினால் ஸ்பிண்டிலின் உள்மரை கெடாது. கால் சுற்றுத் திருகி, ஒரு தட்டுத் தட்டி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி கால் சுற்று. "டொக்" என்று ஒரு சத்தம் வரும். வாசல் வரிசை உடைந்தது எது என்று எட்டிப் பார்க்கும். உடையவில்லை, பிடி விட்ட சத்தம் அது.

அதற்கும் மசியாத கைப்பிடியை அறுத்துவிடுவதே மரியாதை. கண்ணாடி அணிந்து, ஹாக்ஸாவால் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக, கைப்பிடிச் சுவரின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறுத்து, வெட்டில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து முறுக்கினால் பிளந்துவிடும். ஸ்பிண்டில் பல்லில் பிளேடு பட்டால் புதுக் கைப்பிடியும் நிற்காது, ஜாக்கிரதை. புதிது வாங்கும்போது பழையதையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஸ்பிண்டிலில் 20 பல், 24 பல் என்று ரகங்கள் உண்டு, கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

கைப்பிடி வந்த உற்சாகத்தில் நடக்கிற பெரிய விபத்து அடுத்தது. ஸ்பிண்டிலின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரு கையால் ஓங்கித் திருகுவது. நட்டு இறுகியிருந்தால் குழாய் மொத்தமும் சேர்ந்து சுற்றும், சுவருக்குள் இருக்கும் இணைப்பு முறியும். சொட்டுத் தண்ணீரை நிறுத்தப் போய்ச் சுவரை உடைக்கிற கதை. குழாயின் உடம்பை இன்னொரு ஸ்பேனரால், துணி சுற்றி, எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டே திருகுங்கள்.

வாஷர் போட்டாயிற்று. திரும்ப மாட்டும்போது பழைய பல்துலக்கியால் ஸ்பிண்டில் பல்லையும் கைப்பிடி உட்புறத்தையும் தேய்த்து, சிலிகான் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. ஸ்க்ரூ மரைக்கும் ஒரு பொட்டு. வண்டிக்குப் போடும் கிரீஸ் வேண்டாம், அதில் சில ரப்பர் வளையங்கள் ஊதிப்போகும். ரப்பர் வாஷருக்குப் பதில் செராமிக் தட்டுகள் இருக்கும், கால் சுற்றில் திறக்கும் ரகமானால், மூடிய நிலையில் கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அப்படி வைத்துப் பல்லில் இறக்குங்கள். இல்லையென்றால் மூடிய குழாய் திறந்தமாதிரி நிற்கும், வருகிறவர் போகிறவரெல்லாம் அதை "மூடி" வைத்துவிட்டுப் போவார்கள். ஸ்க்ரூவை இறுகும்வரை திருகி, மேலே கால் சுற்றுக்கும் குறைவாக. அதற்கு மேல் பலம் காட்டினால், அடுத்த வாஷர் மாற்றுகிற நாளில் மறுபடி இதே தரை, இதே வரிசை.

ஆங்கிள் வால்வை மெதுவாகத் திறந்து, ஸ்பிண்டில் கழுத்தில் கசிகிறதா என்று உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். கசிந்தால் நட்டை இன்னொரு சிறு இழுப்பு. கடைசியாக அந்தச் சிவப்பு மூடி. பத்திரமாக இருக்கட்டும் என்று காலையில் சட்டைப் பையில் போட்டீர்களே, அந்தச் சட்டை இப்போது வாஷிங் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கிறது.